காரின் இ.சி.எம். உண்மையிலேயே போய்விட்டதா? வீட்டிலேயே சோதித்து மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

கார் ஸ்டார்ட் ஆகவில்லை, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் இணையவில்லை என்றதும் "இ.சி.எம். போயிடுச்சு" என்று, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அப்படிப் பழி சுமக்கும் பல பெட்டிகளில் கோளாறே இருப்பதில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர், அல்லது அது சென்சார்களுக்கு அனுப்பும் 5 வோல்ட் லைன், இவற்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். சில சமயம் இ.சி.எம். நிஜமாகவே எரிந்திருக்கும். ஆனால் அதை எரித்த இக்னிஷன் காயிலைத் தேடாமல் புதுப் பெட்டியை மாட்டுவார்கள், புதுப் பெட்டியும் அதே வழியில் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி சோதனைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்டுவது எளிய வேலை. எதற்காகக் கழற்றுகிறோம் என்று உறுதியாகத் தெரிவதுதான் கடினம்.

இங்கே சொல்லப்படுபவை பி.எஸ்.4, பி.எஸ்.6 (மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்) காலத்து சாதாரண பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை: ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10, ஐ20 போன்ற, இன்டேக் வழியில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டிகள். டீசலில் எங்கே வழி மாறுகிறதோ அங்கே தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம். இ.சி.எம்., இ.சி.யூ. என்று இரண்டு பெயர் வழங்கினாலும் பெட்டி ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. அதன் உள் எதிர்ப்பு 10 மெகா ஓம் இருக்க வேண்டும். பழைய பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை இ.சி.எம். சிக்னல் பின்களில் வைக்கவே கூடாது, அது இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். கப்ளரின் (வயர்களை இணைக்கும் செருகி) பின்பக்கமாக வயரோடு ஒட்டி நுழைக்க மெல்லிய பேக்-புரோப் ஊசிகள். ஹோல்டரோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரு முனையிலும் வயர் வைத்தது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஜம்பர் வயர். நாய்ட் லைட், அதாவது இன்ஜெக்டர் கப்ளரில் செருகிப் பார்க்கும் சின்ன விளக்கு. கான்டாக்ட் கிளீனர், 10 மி.மீ. ஸ்பானர், ராட்செட்.

ஃபால்ட் கோட், அதாவது இ.சி.எம். பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு படிக்க இ.எல்.எம்.327 ப்ளூடூத் கருவியும் மொபைல் ஆப்பும் போதும். மலிவான நகல்களில் சில எல்லா புரோட்டோகாலையும் (வண்டியோடு பேசும் முறை) பேசாது. எனவே உங்கள் வண்டியில் இணையவில்லை என்றால், அதே கருவியை நன்றாக ஓடும் வேறொரு காரில் போட்டுப் பார்த்த பிறகே வண்டியைச் சந்தேகப்படுங்கள். கோட் படிக்க உதவும் இந்தக் கருவியால் புது இ.சி.எம்.முக்கு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) பதிவு செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மாடல், ஆண்டு, இன்ஜின் மூன்றுக்கும் பொருந்தும் சர்க்யூட் டயகிராம் வேண்டும். எந்தப் பின்னில் பேட்டரி கரண்ட், எதில் எர்த், எதில் 5 வோல்ட் என்று தெரியாமல் கப்ளரில் ஊசி வைப்பது ஆபத்து. ஒரே பெயரில் விற்கும் காரில்கூட ஆண்டு மாறினால் பின் வரிசை மாறும்.

எந்த அறிகுறியை நம்பலாம்

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிகிறதா, பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி "உய்ங்" என்று ஓடி நிற்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இரண்டும் நடந்தால் இ.சி.எம். உயிரோடு இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். லைட்டே எரியவில்லை, பம்ப் சத்தமும் இல்லை என்றால், பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை அல்லது பெட்டி செத்திருக்கிறது. கேன் வயரிங் (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) உள்ள புது வண்டிகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை: இ.சி.எம்.மிடமிருந்து செய்தி வராவிட்டால் மீட்டர் கன்சோலே அந்த லைட்டைப் போட்டுவிடும். அங்கே லைட் எரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

பி0601 முதல் பி0607 வரையுள்ள கோடுகள் இ.சி.எம்.மின் உட்பகுதியைக் குறிப்பவை. பி0601 நினைவகச் சரிபார்ப்புப் பிழை, பி0604 ரேம், பி0605 ரோம், பி0606 புராசசர். பி0603 வந்தால் அவசரப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே, அல்லது பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலே அது வரும். பி0606கூட செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் அடியோடு விழுந்தால் வரலாம். அந்த ஃபால்ட் கோடை அழித்துவிட்டு, நல்ல பேட்டரி வைத்து, மறுபடி வருகிறதா என்று பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. பி0641, பி0651 இரண்டும் 5 வோல்ட் லைனைச் சொல்பவை. பெரும்பாலும் ஒரு சென்சார்தான் காரணம். பி0685 மெயின் ரிலே பக்கம். யூ0100 என்பது மற்ற பெட்டிகள் "இன்ஜின் பெட்டி பேசவில்லை" என்று புகார் சொல்வது, அவ்வளவுதான்.

வண்டி சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், போர்டில் சால்டர் விரிசல் இருக்கலாம். அதே அறிகுறியை, இன்ஜின் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சாரும் காட்டும், அதுதான் மலிவு, அதுதான் அடிக்கடி போவதும். எனவே வண்டி நின்ற அந்த நேரத்திலேயே செல்ஃப் அடித்து, ஸ்கேனரில் ஆர்.பி.எம். பாருங்கள். 150 முதல் 250 வரை காட்டினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. ஸ்கேனர் பேசுகிறது, ஆர்.பி.எம். மட்டும் பூஜ்யம் என்றால் முதலில் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

முதல் சோதனை: பேட்டரி

இதைத் தாண்டிப் போவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் அளங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கிறது. அந்த அலைக் கரண்ட் இ.சி.எம்.மைக் குழப்பி விநோதமான கோடுகளைப் போட வைக்கும்.

இரண்டாவது: கண்ணால் பார்ப்பது

பானெட்டைத் திறந்து வயரிங் கட்டு முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் முதல் எதிரி எலி. வயர் மேல் பல் தடம், இன்ஜின் கவருக்கு அடியில் எச்சம், பஞ்சு, எலும்புத் துண்டு, இவை இருந்தால் அந்த இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். அடுத்தது, பின்னால் சேர்த்த ஹாரன், ஃபாக் லாம்ப், அலாரம், மியூசிக் சிஸ்டம். இவற்றுக்காக யாராவது இ.சி.எம். வயரில் கிள்ளி ஜாயின்ட் போட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் வரை மற்ற எந்தச் சோதனையும் பயனில்லை. இன்ஜினைப் பிரஷர் வாஷ் செய்த அடுத்த நாள் தொடங்கிய கோளாறா? அப்படியானால் கப்ளர்களுக்குள் தண்ணீர் தேடுங்கள்.

மூன்றாவது: பெட்டிக்குச் சாப்பாடு போகிறதா

இ.சி.எம்.முக்கு மூன்று வழியில் கரண்ட் வரும். பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் லைன், நினைவகத்துக்காக. இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் லைன், சாவி போட்டதைச் சொல்ல. மெயின் ரிலே வழியாக வரும் லைன், வேலை செய்ய. பல வண்டிகளில் மெயின் ரிலேயை எர்த் கொடுத்து இழுப்பது இ.சி.எம்.மேதான். அதாவது முதல் இரண்டு லைனும் சரியாக இருந்தால்தான் அது ரிலேயை இழுக்கும், மூன்றாவது லைன் உயிர் பெறும்.

சாவி ஆன் செய்து மெயின் ரிலே மேல் விரலை வையுங்கள். "டிக்" என்று தட்டுப்பட வேண்டும். தட்டவில்லை என்றால் அதே எண்ணுள்ள வேறு ரிலேயை மாற்றிப் போடுங்கள். அப்போதும் இல்லை என்றால் ரிலே சாக்கெட்டில் 85, 86 பின்களில் ஒன்றில் 12 வோல்ட் வருகிறதா, மற்றொன்றுக்கு எர்த் கிடைக்கிறதா என்று அளங்கள். அந்த எர்த் இ.சி.எம்.மிலிருந்து வருவதென்றால், முதல் இரண்டு லைனையும் பெட்டியின் எர்த் பின்களையும் சரிபார்க்காமல் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது முக்கியமான பகுதி. மல்டிமீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே இழுக்காது. ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். அதை நம்பி "கரண்ட் வருது, பெட்டிதான் அவுட்" என்று சொல்லிவிடுகிறார்கள். சரியான முறை லோடு வைத்துப் பார்ப்பது. சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இ.சி.எம். கப்ளரைப் பிரியுங்கள். நெகட்டிவை மறுபடி மாட்டி, சாவி ஆன் செய்து, வயரிங் பக்கக் கப்ளரில் கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் 21 வாட் பல்பைக் கொடுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் அந்த லைனில் களிம்போ உடைந்த வயரோ இருக்கிறது. கப்ளர் பிரிந்த நிலையில் மெயின் ரிலே இழுக்காது என்பதால், அந்த லைனைச் சோதிக்க ரிலேயை எடுத்துவிட்டு 30, 87 பின்களை ஃப்யூஸ் ஜம்பரால் இணையுங்கள். பெண் டெர்மினலுக்குள் மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள், அது விரிந்துவிடும். அப்புறம் அந்த விரிந்த டெர்மினலே புதுக் கோளாறு. அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றை வயரோடு வைத்துக்கொண்டு அதைச் செருகுங்கள்.

எர்த்துக்கு வோல்டேஜ் டிராப் பாருங்கள். கப்ளரை மாட்டி, மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவ் முனையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டில். சிவப்பை இ.சி.எம். எர்த் பின்னில் பின்பக்கமாக நுழையுங்கள். ஹெட்லைட் போட்டு, இன்ஜின் ஓடினால் ஓடவிட்டு, இல்லையென்றால் செல்ஃப் அடிக்கச் சொல்லி அளங்கள். 50 மில்லிவோல்ட் வரை நல்லது. 100ஐத் தாண்டினால் எர்த் கெட்டது: இன்ஜினிலும் பாடியிலும் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைக் கழற்றி, சாண்ட் பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கி மறுபடி முறுக்குங்கள். ஸ்கேனர் பேசும் வண்டியில் இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. லைவ் டேட்டாவில் (ஸ்கேனரில் அந்தந்த நொடி தெரியும் அளவுகள்) இ.சி.எம். காட்டும் வோல்டேஜையும் பேட்டரி முனையில் மீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் நடுவில் எங்கோ கசிகிறது.

நான்காவது: 5 வோல்ட் லைன்

இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், ஏ.சி. கேஸ் பிரஷர் சென்சார் போன்றவை பெரும்பாலும் ஒரே 5 வோல்ட் லைனில் பங்கு போட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் லைன் முழுவதும் விழும். சில வண்டிகளில் இ.சி.எம்.மே மயங்கி ஸ்கேனருடன் பேசுவதை நிறுத்திவிடும். பார்ப்பதற்குச் செத்த பெட்டி போலவே இருக்கும்.

சாவி ஆன் செய்து, மேப் சென்சார் கப்ளரைப் பிரித்து, 5 வோல்ட் பின்னுக்கும் எர்த்துக்கும் அளங்கள். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் சரி. பூஜ்யமோ ஒன்றிரண்டு வோல்ட்டோ இருந்தால், மீட்டரை அப்படியே விட்டுவிட்டு அந்த லைனில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. ஏ.சி. பிரஷர் சென்சாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அது ரேடியேட்டர் பக்கத்தில் ஒதுங்கியிருப்பதால். எல்லாம் பிரித்தும் திரும்பவில்லை என்றால் பேட்டரி நெகட்டிவையும் இ.சி.எம். கப்ளரையும் கழற்றி, அந்த 5 வோல்ட் வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். ஷார்ட் காட்டினால் வயரிங். காட்டாமல் இருந்து, கரண்ட்டும் எர்த்தும் ஏற்கெனவே தேறியிருந்தால், இப்போதுதான் இ.சி.எம்.மைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

ஐந்தாவது: ஸ்கேனர் ஏன் பேசவில்லை

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4, 5ஆம் பின்களில் எர்த். இவை இல்லாவிட்டால் ஸ்கேனருக்கே உயிர் வராது. பெரும்பாலும் சிகரெட் லைட்டர் அல்லது மியூசிக் சிஸ்டம் ஃப்யூஸ் போயிருக்கும். கேன் வயர்கள் 6, 14. பேட்டரியைக் கழற்றிவிட்டு இவை இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 ஓம் வர வேண்டும், இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக நிற்பதால். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் அந்த ஒரு முனை இ.சி.எம்.முக்குள் இருப்பதால் அதன் கப்ளரைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயரும் உரசுகின்றன. சாக்கெட்டுக்கும் மற்ற பெட்டிகளுக்கும் நடுவில் நிற்கும் கேட்வே பெட்டி உள்ள புது வண்டிகளில் மட்டும் இந்த அளவு உண்மையான இன்ஜின் லைனைக் காட்டாது.

ஆறாவது: ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் என்றால்

வண்டி ஓடுகிறது, ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை, பி0201 முதல் பி0204 வரை அல்லது பி0351 முதல் பி0354 வரை ஏதோ ஒன்று நிற்கிறது. பிளக், காயில், இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டரோடு மாற்றிப் போட்டும் கோட் இடம் மாறவில்லை என்றால், நாய்ட் லைட்டை அந்த இன்ஜெக்டர் கப்ளரில் செருகி செல்ஃப் அடியுங்கள். மற்ற மூன்றிலும் மினுக்கி இதில் மட்டும் மினுக்காவிட்டால், முதலில் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வருகிறது என்றால், கப்ளரிலிருந்து இ.சி.எம். பின் வரை வயரின் ஓம் 1க்குக் கீழே இருக்கிறதா, பாடியோடு ஷார்ட் இல்லையா என்று பாருங்கள். வயர் நன்றாக இருந்தால் இ.சி.எம்.முக்குள் அந்த இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் (மின் சுவிட்ச்) எரிந்திருக்கிறது.

எரித்தது எது? இன்ஜெக்டரின் ஓம் அளங்கள். இவ்வகை இன்ஜின்களில் பொதுவாக 12 முதல் 16 ஓம். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதன் சுருள் உள்ளே ஷார்ட், அதுதான் டிரைவரைக் கொன்றது. இக்னிஷன் காயில் இரண்டு பின் உள்ளதா, மூன்று நான்கு பின் உள்ளதா என்பதும் முக்கியம். இரண்டு பின் காயிலில் பிரைமரி கரண்ட் முழுவதையும் இ.சி.எம்.மே சுமக்கிறது, காயில் ஷார்ட் ஆனால் அடி நேராகப் பெட்டிக்கு. நான்கு பின் காயிலில் சுவிட்ச் காயிலுக்குள்ளேயே இருப்பதால் பெட்டி பெரும்பாலும் தப்பிக்கும். காரணமான பாகத்தை மாற்றாமல் நல்ல இ.சி.எம்.மை மாட்டவே மாட்டாதீர்கள்.

டீசல் காமன்ரெயில் வண்டிகளிலும் சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் பெட்ரோல் வண்டிகளிலும் இந்த நாய்ட் லைட் வேலையைச் செய்ய வேண்டாம். அங்கே இன்ஜெக்டருக்குப் போகும் மின்னழுத்தம் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு ஏறும். காமன்ரெயில் குழாயில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். ஓடும் இன்ஜினில் அதன் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களுக்கு நேர்ந்தது இதுதான்: தரை மட்டத்துக்குச் சற்று மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் இ.சி.எம். இருந்த வண்டிகளில் பெட்டியே முழுகியது. அப்படிப்பட்ட வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் மட்டும் பெட்டியை உடனே கொல்வதில்லை. ஈரத்தோடு கரண்ட் சேரும்போதுதான் பின்கள் மணிக்கணக்கில் அரிக்கப்படுகின்றன. நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸ் கோரப் போகிறீர்கள் என்றால் சர்வேயர் பார்க்கும் வரை மற்ற எதையும் தொடாதீர்கள். அதன் பிறகு பெட்டியை எடுத்து, ஸ்குரூ போட்ட மூடியாக இருந்தால் திறந்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலரவிடுங்கள். பசை போட்டு ஒட்டிய அல்லது ஜெல் ஊற்றிய பெட்டிகளை வீட்டில் திறக்க முயல வேண்டாம். கழுவியபின் வண்டி ஓடினாலும் நீண்ட நாள் நம்ப முடியாது. பூச்சுக்கு அடியில் தங்கிய உப்பு மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டி என்றால் மாற்றிவிடுவதே எங்கள் கருத்து.

கப்ளரைப் பிரித்ததும் பின்களில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் தெரிந்தால் அது வேறு கதை. ஆயில் பிரஷர் சுவிட்ச் அல்லது கேம் சோலனாய்டு (ஆயிலைத் திருப்பும் மின் வால்வு) கசிந்து, ஆயில் வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பெட்டி வரை வந்திருக்கிறது. கசியும் பாகத்தையும் அந்த வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எந்தப் பெட்டியை வாங்குவது

பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும். சுஸுகியில் அது 33920 என்று தொடங்கும், ஹூண்டாயில் 39110, டொயோட்டாவில் 89661, ஹோண்டாவில் 37820. தொடக்கம் ஒன்றானால் போதாது. பின்பாதி எண், எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். மேனுவல் கியர், ஆட்டோமேட்டிக், பி.எஸ்.4, பி.எஸ்.6, சி.என்.ஜி. என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே மென்பொருள் வேறு. கப்ளர் பொருந்திவிட்டது என்பதற்காக ஏமாறாதீர்கள். நிறுவனமே சி.என்.ஜி. பொருத்திக் கொடுத்த மாருதியில் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்று வழி உண்டு. நிறுவனத்தின் புதுப் பெட்டி காலியாக வரும்; வண்டியின் சேசிஸ் எண், மென்பொருள், சாவி மூன்றையும் டீலர் ஸ்கேனர் ஏற்ற வேண்டும். செலவு அதிகம், கவலை குறைவு. இரண்டாவது, உங்கள் பழைய பெட்டியையே இ.சி.எம். ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து எரிந்த டிரைவரை மாற்றுவது. இம்மொபிலைசர் விவரம் அப்படியே இருப்பதால் திரும்ப வந்ததும் மாட்டி ஓட்டலாம். டிரைவர், சால்டர், கப்பாசிட்டர் கோளாறுகளுக்கு இதுதான் சிறந்த வழி. மூன்றாவது, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் அதே எண்ணுள்ள பெட்டியை வாங்கி, பழையதில் உள்ள ஃப்ளாஷ் (மென்பொருள்), ஈப்ராம் தரவு இரண்டையும் அதற்குள் நகல் எடுப்பது. ஈப்ராம் என்பது பல பெட்டிகளில் எட்டு கால் உள்ள சின்ன சிப். சாவியின் ரகசியம் அதில் இருக்கிறது. பழைய பெட்டியில் அந்தத் தரவைப் படிக்க முடிந்தால் மட்டுமே இது சாத்தியம். பில் இல்லாமல், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று சொல்லாமல் விற்கும் பெட்டியைத் தொடாதீர்கள்.

பழைய பெட்டியை நகல் எடுக்காமல் நேரே மாட்டினால் என்ன நடக்கும்? செல்ஃப் அடிக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நிற்கும், சாவி விளக்கு மினுக்கும். இம்மொபிலைசர் அந்தப் பெட்டியைத் தன்னுடையதாக ஏற்கவில்லை என்று பொருள். இம்மொபிலைசர் பதிவுக்கான ரகசிய எண்ணை (பின் கோட்) தவறாகத் திரும்பத் திரும்பப் போட்டால் சில வண்டிகள் பூட்டிக்கொள்ளும்.

கழற்றி மாட்டுதல்

1. எல்லா ஃபால்ட் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு (கோட் விழுந்த நேரத்து அளவுகள்) படமெடுங்கள். ஸ்கேனர் பேசினால் சேசிஸ் எண்ணையும் காலிபரேஷன் எண்ணையும் (மென்பொருள் பதிப்பின் எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

2. சாவியை எடுத்து, கண்ணாடிகளை இறக்கி, 10 நிமிடம் காத்திருங்கள். சாவி ஆஃப் ஆன பின்னும் மெயின் ரிலே சற்று நேரம் பிடித்திருக்கும். அந்த நேரத்தில்தான் இ.சி.எம். கற்றதை எழுதி வைக்கிறது. அதன் பிறகு பேட்டரி நெகட்டிவ். ஏர்பேக் பெட்டிக்குப் பக்கத்தில் வேலை என்றால் நெகட்டிவ் கழற்றிய பின் இன்னொரு 10 நிமிடம்.

3. பெட்டி சில வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்தில், சிலவற்றில் கிளவ் பாக்ஸ் பின்னால். திருட்டைத் தடுக்கத் தலை உடைந்த போல்ட் போட்டிருந்தால் ஹேக்சாவால் கோடு போட்டு ஸ்குரூ டிரைவரால் திருப்புங்கள். உலோகத் தூள் கப்ளரில் விழாமல் துணி போர்த்துங்கள்.

4. வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கப்ளரின் பூட்டை இழுத்து, லீவரை முழுதும் திருப்பினால் கப்ளர் தானே எழும்பி வரும். நெம்பினால் பின் வளையும்.

5. வயரிங் பக்க டெர்மினல்களில் களிம்பு, எண்ணெய், விரிசல் பாருங்கள். அதே அளவு ஆண் பின்னைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். வழுக்கினால் அந்த டெர்மினலை மாற்றுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிடுங்கள்.

6. புதுப் பெட்டியின் பின்களை விரலால் தொடாதீர்கள். கப்ளரின் ரப்பர் சீல் இடத்தில் இருக்கிறதா பார்த்து, நேராக வைத்து, லீவரை மூடுங்கள். லீவர் பாதியில் முரண்டு பிடித்தால் நிறுத்துங்கள், ஏதோ பின் வளைகிறது. பெட்டியின் உறை பாடி வழியாக எர்த் ஆகும் வண்டிகளில் போல்ட் இடத்தின் துருவைச் சுரண்டுங்கள்.

7. நெகட்டிவை மாட்டி, சாவி ஆன் மட்டும். செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்கேனரில் இணைந்து, கோடுகளை அழித்து, மறுபடி படியுங்கள்.

டீலரோ நகல் எடுப்பவரோ வண்டியில் வைத்து மென்பொருள் ஏற்றுகிறார் என்றால், பேட்டரி ஒரே வோல்டேஜில் நிற்கும்படி அதற்கென்றுள்ள பவர் சப்ளை வைக்கச் சொல்லுங்கள். சாதாரண சார்ஜரின் அலைக் கரண்டிலோ, நடுவில் வோல்டேஜ் விழுந்தாலோ எழுதுவது பாதியில் நின்று புதுப் பெட்டி செத்துப் போகும்.

கற்றுக்கொடுத்தல், சரிபார்த்தல்

இன்ஜின் நிறுத்தி, சாவி மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவில் மேப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் ஏறக்குறைய 101 கிலோ பாஸ்கல் காட்ட வேண்டும். கோவையில் 96 அருகில், ஊட்டியில் 77 அளவுக்கு இறங்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் காற்று வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இவை தேறினால் பெட்டி சென்சார்களைச் சரியாகப் படிக்கிறது.

எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் த்ராட்டில் கற்றல், அதாவது காற்று வால்வின் நிலைகளைப் புதுப் பெட்டிக்குப் பழக்குவது, அவசியம். முறை வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பிறகு ஏ.சி., லைட் எல்லாம் ஆஃபில், ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். அடுத்து ஏ.சி. போட்டுச் சில நிமிடம். முதல் நாள் ஐடில் சற்று ஏறி இறங்குவது இயல்பு. ஏ.எம்.டி. கியர் (மேனுவல் கியர்பாக்ஸே தானாக மாறும் வகை) வண்டியில் கிளட்ச் கற்றலை ஸ்கேனரால் செய்ய வேண்டியிருக்கும். டீசலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்துள்ள குறியீட்டைப் புதுப் பெட்டியில் அந்தந்தச் சிலிண்டருக்கு ஏற்ற வேண்டும். பி.எஸ்.6 டீசலில் டி.பி.எஃப். சூட் அளவையும் (புகை ஃபில்டரில் சேர்ந்த கரி) பழைய பெட்டியிலிருந்து கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அடைத்த ஃபில்டரைப் புதியது என்று நினைத்து ஓட்டும்.

ஐந்து பத்து கிலோமீட்டர் நகரத்திலும், கொஞ்சம் நெடுஞ்சாலையிலும் ஓட்டிய பின் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து ஒரு பக்கமே சாய்ந்தால் காற்றுக் கசிவையோ பெட்ரோல் அழுத்தத்தையோ பாருங்கள். ரெடினெஸ் மானிட்டர்கள் (பெட்டி தானே செய்துகொள்ளும் மாசுச் சோதனைகள்) முழுமையாக நாலைந்து நாள் ஓட்டம் தேவைப்படலாம். மாசு சோதனைக்கு அதன் பிறகே கொண்டு போங்கள். பழைய பெட்டியை உடனே விற்காதீர்கள். அதிலுள்ள ஈப்ராம் தரவு இன்னொரு முறை தேவைப்படலாம். பின்களுக்கு மூடி போட்டு, உலர்ந்த இடத்தில், வண்டி எண் எழுதி எடுத்து வையுங்கள்.